புதுப்பிக்கும் மாதத்தின் கணக்கு: உயர்வகைக் கடன் அட்டைதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே, ஆண்டுக்கு ஒருமுறை சில ஆயிரம் ரூபாயைக் கட்டணமாகச் செலுத்தி உயர்வகைக் கடன் அட்டை ஒன்றை வைத்திருக்கும் இந்தியக் குடும்பத்தினரை நோக்கி இம்மடல் எழுதப்படுகிறது. உயர்வகை அட்டை என்பது வங்கிகள் 'பிரீமியம்' என்ற பெயரில் விற்கும் கிரெடிட் கார்டு. சாதாரண அட்டையைவிடக் கூடுதலான வெகுமதிப் புள்ளிகள், விமான நிலைய லவுஞ்சுகளில் நுழைய அனுமதி, வெளிநாட்டுச் செலவுக்குக் குறைந்த நாணய மாற்றுக் கட்டணம், உணவகத் தள்ளுபடி, ஆண்டுதோறும் ஒரு பரிசுக் கூப்பன் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஆண்டுக் கட்டணம் என்ற விலையை வைப்பது அதன் இயல்பு. அவ்விலை ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் கணக்கில் ஏறுகிறது. ஏறிய பிறகு பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுகின்றனர். வைத்திருப்பதா விடுவதா என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்வது அப்படியொன்றும் கடினமான காரியமன்று. ஆனால் வங்கியின் விளம்பரத்தாள் காட்டும் முறையில் அக்கணக்கைப் போட்டால், விடை எப்போதும் வங்கிக்குச் சாதகமாகவே வரும்.

முதலில் கட்டணத்தின் உண்மையான அளவைப் பார்க்க வேண்டும். அட்டையின் விலை என்று சொல்லப்படும் தொகையின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்கிறது என்பதால், 10,000 ரூபாய்க் கட்டணம் கையிலிருந்து போகும்போது 11,800 ஆகிறது. ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் இன்ஃபினியா அட்டைக்கு 12,500 ரூபாய் கட்டணம், வரியோடு 14,750. கட்டணம் செலுத்தியவருக்கு 12,500 புள்ளிகள் திரும்பத் தரப்படுவதால் செலவு சரிக்குச் சரியாகிவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வரியாகச் சென்ற 2,250 ரூபாய் எந்தப் புள்ளியாகவும் திரும்புவதில்லை; புள்ளிகளும் ரூபாய்களல்ல. விமானப் பயணச்சீட்டோ விடுதி அறையோ அவ்வங்கியின் இணையதளம் வழியாகவே வாங்கினால் ஒரு புள்ளி ஒரு ரூபாயாக மதிக்கப்படுகிறது. அதே புள்ளியை மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கேட்டால் 30 காசுதான். ஆகவே பயணம் போகாத குடும்பத்தின் கையில் அந்த 12,500 புள்ளிகளின் மதிப்பு 3,750 ரூபாய் மட்டுமே.

அட்டையின் பயனை மதிப்பிட இரண்டு நெறிகள் போதும். ஒரு சலுகையின் மதிப்பு, அது இலவசமாகக் கிடைக்காதிருந்தால் அக்குடும்பம் தன் பணத்தைக் கொடுத்து எவ்வளவுக்கு வாங்கியிருக்குமோ அவ்வளவுதான் என்பது முதல் நெறி. உயர்வகை அட்டையை, அட்டையே இல்லாத நிலையோடு ஒப்பிடக் கூடாது என்பதும், ஆண்டுக் கட்டணமே இல்லாத நல்ல அட்டை ஒன்றோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதும் இரண்டாவது நெறி. இரண்டாவதைத்தான் பலரும் மறக்கின்றனர். 'இந்த அட்டையால் சென்ற ஆண்டு எட்டாயிரம் ரூபாய் கிடைத்தது' என்று சொல்பவர், கட்டணமில்லா அட்டை வழியாகவும் நாலாயிரம் கிடைத்திருக்கும் என்பதைக் கழிப்பதில்லை. உயர்வகை அட்டை உண்மையில் ஈட்டித் தந்தது எஞ்சிய நாலாயிரத்தை மட்டுமே.

இந்நெறிகளைக் கற்பனைக் குடும்பம் ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். கட்டணம் வரியோடு 11,800; அட்டை வழியே ஆண்டுக்கு 6 லட்ச ரூபாய் செலவு. அதில் வீட்டு வாடகை, பெட்ரோல், காப்பீட்டுத் தவணை, அரசுக் கட்டணங்கள் ஆகியவற்றுக்குச் சென்ற 2 லட்சத்துக்குப் புள்ளி கிடையாது என்று கொள்வோம். இவ்வகைச் செலவுகளை வங்கிகள் விலக்குப் பட்டியலில் வைப்பதோ, அவற்றுக்கு உச்சவரம்பு விதிப்பதோ வழக்கம். எஞ்சிய 4 லட்சத்துக்கு உயர்வகை அட்டை 2 விழுக்காடு என்ற கணக்கில் 8,000 ரூபாயும், கட்டணமில்லா அட்டை 1 விழுக்காடு என்ற கணக்கில் 4,000 ரூபாயும் தருகின்றன, வேறுபாடு 4,000. ஆண்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம், அங்கு 1 லட்ச ரூபாய்ச் செலவு என்றால், நாணய மாற்றுக் கட்டணம் மூன்றரை விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைவதால் 1,500 ரூபாயும் அதன் மேல் வரியாக 270 ரூபாயும் மிஞ்சுகின்றன. புதுப்பித்தலுக்காகத் தரப்படும் 2,500 ரூபாய்க் கூப்பன் ஒரு குறிப்பிட்ட துணிக்கடைக்கு மட்டுமே செல்லும் என்றால், அக்கடைக்கு வழக்கமாகப் போகாத குடும்பத்துக்கு அதன் மதிப்பை 1,500 என்று வைப்பதே தாராளம். லவுஞ்சில் நான்கு முறை அமர்ந்ததற்கு, வெளியே வாங்கியிருக்கக்கூடிய சிற்றுண்டி, காபியின் விலையாக முறைக்கு 300 என்று 1,200 சேர்க்கலாம். கூட்டினால் 8,470 ரூபாய். கட்டணத்தைவிட 3,330 குறைவு.

இதே குடும்பத்துக்கு விளம்பரத்தாள் போடும் கணக்கு வேறு. அதில் புள்ளிகளுக்கு முழுதாக 8,000, அனுமதிக்கப்பட்ட எட்டு லவுஞ்ச் நுழைவுகளுக்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், முறைக்கு 1,200 வீதம் 9,600, கூப்பனுக்கு 2,500, நாணய மாற்றுச் சேமிப்பு 1,770, மொத்தம் 21,870 ரூபாய். எந்த எண்ணும் பொய்யன்று. இரண்டு கூட்டுத்தொகைகளுக்கும் இடையிலுள்ள 13,400 ரூபாய், அக்குடும்பம் பயன்படுத்தாதவற்றின் விலையாலும், காசு கொடுத்து வாங்க நினைத்திராதவற்றின் விலையாலும், இலவசமாகவே கிடைத்திருக்கக் கூடியவற்றின் விலையாலும் ஆனது.

லவுஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அட்டையை விட மனமில்லாதவர்கள் பெரும்பாலும் சுட்டும் காரணம் அதுவே. கட்டணமில்லாத அட்டைகளும் லவுஞ்ச் அனுமதி தரத் தொடங்கியபின் அங்கே வரிசை நீண்டது. வங்கிகளுக்கு அதன் செலவு ஏறியது. விளைவாக அனுமதி, செலவோடு பிணைக்கப்பட்டது. ஹெச்.டி.எஃப்.சி. வங்கி தன் ரெகாலியா அட்டைக்கு 2023 டிசம்பர் முதல், காலாண்டில் 1 லட்ச ரூபாய் செலவிட்டால்தான் லவுஞ்ச் அனுமதி என்று விதித்தது, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரல் முதல் பல அட்டைகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய்ச் செலவை நிபந்தனையாக்கியது. கட்டணம் செலுத்தும் நாளில் இருந்த சலுகை, பயணம் செய்யும் நாளில் அதே வடிவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போகவோ மகனையோ மகளையோ பார்க்கவோ விமானம் ஏறும் குடும்பம், இரண்டு வேளைச் சிற்றுண்டிக்காக ஐந்திலக்கக் கட்டணம் செலுத்துவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

கட்டண விலக்கு என்பது இதைவிட நுட்பமானது. ஓராண்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அட்டை வழியே செலவிட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்ற ஏற்பாட்டையே வங்கிகள் இப்பெயரால் சுட்டுகின்றன. இன்ஃபினியாவுக்கு அவ்வரம்பு 10 லட்ச ரூபாய். குடும்பத்தின் இயல்பான செலவே அவ்வரம்பைத் தாண்டினாலோ, இதுவரை டெபிட் கார்டு வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் செய்துவந்த செலவை அட்டைக்கு மாற்றுவதால் மட்டுமே தாண்டினாலோ, அவ்விலக்கு உண்மையான ஆதாயம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டையின் ஆண்டு முடியும் வாரங்களில் ஐம்பதாயிரம் ரூபாய் குறைகிறதென்று தேவையில்லாத கைப்பேசியை வாங்குபவர், 11,800 ரூபாயை மிச்சப்படுத்த 50,000 ரூபாயைச் செலவழிக்கிறார். வாடகை செலுத்தும் செயலிகள் வழியாகவும் மின்பணப் பைகள் வழியாகவும் பணத்தைச் சுற்றிவிட்டு வரம்பை எட்ட முயன்றவர்கள் இருந்தார்கள். வங்கிகள் முதலில் அவற்றுக்கு 1 விழுக்காடு கட்டணம் விதித்தன. பிறகு, பல அட்டைகளில், அச்செலவுகளை வரம்புக் கணக்கிலிருந்தே நீக்கின. இன்னொன்றும் உண்டு. ஒரு நிதியாண்டில் ஒருவர் தம் அட்டைக் கடன்களை அடைக்கச் செலுத்தும் தொகை 10 லட்ச ரூபாயை எட்டினால், அதை வங்கி வருமான வரித் துறைக்கு ஆண்டறிக்கையாகத் தெரிவிக்க வேண்டும். கணக்கு நேராக இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தம் அட்டையால் பொருள் வாங்கிக் கொடுத்து, அவர்களிடம் பணம் பெற்று வரம்பை நிரப்புபவர், தம் வருமானத்துக்கு ஒவ்வாத செலவுக்கு விளக்கம் சொல்ல நேரலாம்.

வெகுமதிப் புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அட்டை தேய்க்கப்படும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கை, 'எம்.டி.ஆர்.' எனப்படும் வணிகர் கழிவை, வங்கிகளுக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளுக்கும் விட்டுக்கொடுக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செல்லும் யு.பி.ஐ. பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் இக்கழிவு இல்லை. கடன் அட்டைக்கு உண்டு. வங்கியின் மற்றொரு வருவாய் வட்டி. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாதவருக்கு மாதம் மூன்றரை முதல் மூன்றேமுக்கால் விழுக்காடு வட்டி சாதாரணம். ஆண்டுக்கு 42 முதல் 45 விழுக்காடு. 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டதால், அந்த வேலியும் இப்போது இல்லை. 50,000 ரூபாயை நிலுவையில் விட்டவர் மூன்றேமுக்கால் விழுக்காட்டில் மாதம் 1,875 ரூபாய் வட்டியும், அவ்வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யாக 337 ரூபாய் 50 காசும் கட்டுகிறார்; நான்கு மாதத்தில் 8,850. மேலே கண்ட குடும்பம் ஓராண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளின் மதிப்பு அதற்குள் கரைந்துவிடும். நிலுவை இருக்கும்வரை புதிய கொள்முதல்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஆகவே, மாதந்தோறும் முழுத்தொகையையும் அடைக்க முடியாதவருக்கு இம்மடலின் மீதிக் கணக்குகள் எதுவும் தேவையில்லை. அவர் உயர்வகை அட்டையை வைத்திருக்கவே கூடாது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் அட்டைகள் ஏன் தொடர்கின்றன என்பதற்கு வரலாற்றில் ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1958-இல் தன் முதல் அட்டையை வெளியிட்டபோது, அதற்கு எட்டாண்டு முன்பே தோன்றியிருந்த டைனர்ஸ் கிளப்பைவிட ஒரு டாலர் கூடுதலாக, ஆண்டுக்கு 6 டாலர் என்று கட்டணம் வைத்தது. கூடுதல் விலையே மதிப்பின் அடையாளம் என்ற உத்தி அது. உலோகத்தால் ஆன அட்டையும், அதை மேசையில் வைக்கும்போது எழும் ஒலியும் அவ்வுத்தியின் இன்றைய வடிவங்கள். மதிப்புக்காகப் பணம் கொடுப்பது குற்றமன்று. திருமணத்துக்குப் பட்டு எடுப்பதும் அதற்காகத்தான். ஆனால் அதைச் சேமிப்பு என்ற தலைப்பில் எழுதக் கூடாது.

சலுகைகள் சுருங்குவதும் கட்டணங்கள் ஏறுவதும் இத்தொழிலின் இயல்பு. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டையில், மாதம் 1 லட்ச ரூபாய் செலவிட்டவருக்கு 25,000 புள்ளிகள் வழங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதை நம்பியே பலர் அவ்வட்டையை வாங்கினர். 2023 செப்டம்பரில் அது நிறுத்தப்பட்டது. கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. கட்டண விலக்குக்கான செலவு வரம்பு 15 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறியது. அமெரிக்காவில் சேஸ் வங்கி 2016-இல் 450 டாலர் கட்டணத்தோடு அறிமுகப்படுத்திய சஃபையர் ரிசர்வ் அட்டைக்கு 2025-இல் 795 டாலர் ஆகிவிட்டது. எனவே ஒருமுறை போட்ட கணக்கு எல்லா ஆண்டுக்கும் செல்லுபடியாகாது. சேர்த்துவைத்த புள்ளிகளை அடுத்த கோடைப் பயணத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பதும் அறிவுடைமையன்று. அவற்றுக்கு வட்டி கிடையாது, மதிப்புக் குறையும் வாய்ப்பு மட்டும் உண்டு.

விடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகள் பக்கபலம். நிலுவை முழுவதையும் அடைத்தபின் அட்டையை மூடுமாறு கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தவறினால், அதன் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் அட்டைதாரருக்குத் தர வேண்டும். தபாலில் எழுதி அனுப்பினால்தான் ஏற்போம் என்று வங்கி சொல்லக் கூடாது. கட்டணங்களை மாற்றுவதாயின் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும்; அம்மாற்றம் பாதகமென்று கருதி அட்டையைத் திருப்பித் தருபவரிடம் மூடுவதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒப்புதலின்றி அட்டையை உயர்வகைக்கு மாற்றி அதற்குக் கட்டணமும் போட்டால், அக்கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இருமடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும். வங்கியிலிருந்து தொலைபேசியில் வரும் 'இலவச மேம்படுத்தல்' அழைப்புகளின்போது இவ்விதியை நினைவில் வைத்திருப்பது பயன்தரும்.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. அவற்றில் முதன்மையானது வங்கியின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பது. தமிழ்க் குடும்பங்கள் காய்கறிக்கடையில் தயங்காமல் செய்யும் பேரத்தை வங்கியிடம் செய்யக் கூச்சப்படுவது வியப்புக்குரியது. ஒழுங்காகச் செலவிட்டுக் கட்டும் வாடிக்கையாளரை இழக்க வங்கி விரும்பாது என்பதால், முழுத் தள்ளுபடியோ, குறிப்பிட்ட செலவுக்கு ஈடாகத் தள்ளுபடியோ, கட்டணத்துக்கு ஈடான புள்ளிகளோ கிடைப்பதுண்டு. கிடைக்காவிடில், அதே வங்கியின் கட்டணமில்லா அட்டைக்கு இறக்கித்தரக் கேட்கலாம். இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. சிபில் போன்ற நிறுவனங்கள் 300 முதல் 900 வரை தரும் கடன் மதிப்பெண்ணில், கிடைக்கும் மொத்தக் கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்ற விகிதமும், கணக்கு எவ்வளவு பழையது என்பதும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. பழைய அட்டையை அடியோடு மூடினால் வரம்பு சுருங்கி அவ்விகிதம் ஏறுகிறது. அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடன் கேட்க இருப்பவர் மூடுவதைத் தள்ளிப்போடுவதோ, அட்டையை இறக்கிக்கொள்வதோ நலம். அப்படிப்பட்ட திட்டம் இல்லாதவர் இந்த அச்சத்தினால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்ட வேண்டியதில்லை. மூடும் நாளுக்கு முன் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் மூடியபின் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். மின்கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் அவ்வட்டையில் விட்டுவைத்த தானியங்கிக் கட்டளைகளை வேறு அட்டைக்கு மாற்ற வேண்டும். தவணைமுறைக் கொள்முதல் மீதமிருந்தால் அது ஒரே தொகையாகக் கேட்கப்படும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் முழு அறிக்கையில், கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதோடு வேலை முடிகிறது.

வைத்திருக்கத் தக்கவர்களும் இருக்கிறார்கள். தொழில் நிமித்தம் மாதந்தோறும் விமானம் ஏறுபவர், புள்ளிகளை விமானச் சீட்டாக மாற்றுவதில் பழக்கமுள்ளவர், வெளிநாட்டில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் செலவிடுபவர் போன்றோருக்குக் கணக்கு மாறும். கடைசியாகச் சொன்னவருக்கு நாணய மாற்றுக் கட்டணத்தில் மட்டும் வரியோடு 8,850 ரூபாய் மிஞ்சும். ஆயினும் நாணய மாற்றுக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் இரண்டுமே இல்லாத அட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன என்பதால், அவரும் ஒப்பீட்டை அவ்வட்டையோடு மறுபடி செய்து பார்ப்பது பொருத்தம். இவ்வகையினருக்குள் அடங்காத, ஆண்டுக்கு ஓரிரு பயணமும் ஆறேழு லட்ச ரூபாய் அட்டைச் செலவும் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு, கட்டண விலக்கு இயல்பாகக் கிட்டாத வரையில், ஐந்திலக்கக் கட்டணமுள்ள அட்டை தகாது என்பதே இம்மடலின் தீர்ப்பு.

கட்டணம் எந்த மாதத்தில் ஏறுகிறது என்பதைச் சென்ற ஆண்டின் மாதக் கணக்குகளில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பாக வங்கியை அழைக்கும்படி அட்டைதாரர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.